கிணற்றடி நிலத்தை விற்று ஸ்கார்பியோ வாங்கலாமா?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி நெல், மணிலா, கரும்பு, கறவை மாடு பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஒரு கடிதம் காரைப் பற்றி வந்திருக்கிறது. 'வேளாண்மை அலுவலரிடம் கார் பற்றிக் கேட்பதா?' என்று ஒதுக்கி வைக்கத்தான் நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது, அதற்குள் நிலமும் கிணறும் நகைக்கடனும் இருப்பது தெரிந்தது. அதனால் இந்த இதழின் முக்கிய பதில் அதற்கே.

கேள்வி: "ஐயா, ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு ஏக்கர் நிலம், வீட்டில் இரண்டு பட்டுத் தறி. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் ஒருமுறை வேலூருக்கு அழைத்துப் போகிறோம். போக வர 90 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை சேலை கொண்டு காஞ்சிபுரம் போகிறோம். அது போக வர 130. மகன் இரண்டு பழைய ஸ்கார்பியோ பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று 2010-ஆம் வருஷத்து வண்டி, 4 லட்சத்து 80 ஆயிரம். இன்னொன்று 2015, 6 லட்சத்து 75 ஆயிரம். கிணற்றை ஒட்டிய 25 சென்ட்டை விற்று, மீதிக்குக் கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் வைக்கலாம் என்கிறான். சும்மா இருக்கும் நாளில் வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைப்பானாம். எந்த இன்ஜின் நல்ல இன்ஜின்? பெயர் போட வேண்டாம் ஐயா."

பதில்: முதலில் உங்கள் மகன் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பிறகு நீங்கள் கேட்காததற்கும் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. வேளாண் பட்டப்படிப்பில் பண்ணை இயந்திரப் பாடம் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் துறை ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போனவன். பெஜோ டீசல் இன்ஜின் வைத்த மஹிந்திரா ஜீப்புகள் ஓடிய காலம் அது. வழியில் நின்றால் ஓட்டுநரே நாசிலைக் கழற்றி, துடைத்து மாட்டி, கிளப்பிவிடுவார். இன்றைய வண்டியில் அது நடக்காது. ஏன் நடக்காது என்பதுதான் ஸ்கார்பியோவின் இன்ஜின் கதை.

ஆர்.சி. புக்கில் சி.சி.யைப் பாருங்கள்

வண்டியின் பெயர் 2002-லிருந்து ஸ்கார்பியோதான். உள்ளே இருக்கும் இன்ஜின் பல முறை மாறிவிட்டது. தரகர் வாயால் சொல்வதை விடுங்கள். ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் சி.சி. எண் உண்மையைச் சொல்லும்.

2609 சி.சி. என்றிருந்தால் அது முதல் தலைமுறை. 2002 ஜூனில் ஸ்கார்பியோ வந்தபோது 2.6 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின், சுமார் 109 குதிரைத்திறன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இருந்துவிட்டு 1993-இல் மஹிந்திராவுக்கு வந்த பவன் கோயங்கா தலைமையில் உருவான வண்டி இது. அதுவரை ஜீப்பும் டிராக்டரும் செய்த நிறுவனம், நகரத்தாரும் விரும்பும் வண்டியைச் செய்தது என்று அப்போது பெரிதாகப் பேசினார்கள். ரெனோ நிறுவனத்தின் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடும் ஒரு வகை வந்தது. அது நம் பக்கம் அதிகம் ஓடவில்லை.

2005-06 வாக்கில் அதே 2.6 லிட்டர் இன்ஜின் 'சிஆர்டிஇ' ஆனது. அதாவது காமன் ரயில். இதை நம் பாஷையில் சொல்கிறேன். கைத்தெளிப்பானில் மருந்து வெளியே வரும் அழுத்தம் 3 பார் அளவு. பவர் ஸ்பிரேயரில் 20, 30 பார். காமன் ரயில் இன்ஜினில் டீசல் பீய்ச்சும் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். டீசல் அவ்வளவு நுண்ணிய புகையாகப் போவதால் நன்றாக எரிகிறது, புகை குறைகிறது, இழுவை கூடுகிறது. ஆனால் தெளிப்பான் நாசிலில் ஒரு மண் துகள் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே துளை அதைவிடப் பல மடங்கு சிறியது. டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் இன்ஜெக்டர் போய்விடும். சாலையோரத்தில் துடைத்து மாட்டும் வேலையெல்லாம் இதில் கிடையாது.

2179 சி.சி. என்றால் 'எம்ஹாக்'. 2008 வாக்கில் ஸ்கார்பியோவில் வந்த 2.2 லிட்டர் இன்ஜின். ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து மஹிந்திரா செய்தது. 120 குதிரைத்திறன். அளவில் சிறிதானாலும் பழைய 2.6-ஐவிடச் சத்தமும் அதிர்வும் குறைவு. நம் ஊர்ச் சாலைகளில் இன்று ஓடும் ஸ்கார்பியோக்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். அதனால் பாகங்கள் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

2523 சி.சி. என்றால் கவனம். விலை குறைந்த சில வகைகளில் பொருத்திய 2.5 லிட்டர் இன்ஜின் அது, 75 குதிரைத்திறன்தான். மட்டமான இன்ஜின் என்று சொல்லமாட்டேன். மெதுவாக, அடக்கமாகப் போகிறவர்களுக்குப் போதும். ஆனால் ஏழு பேர் ஏறி ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் போனால் மூச்சு வாங்கும். எம்ஹாக் விலைக்கு இதைத் தலையில் கட்டிவிடுவார்கள். 75 குதிரைக்கு 120 குதிரை விலை கொடுக்காதீர்கள்.

2014 செப்டம்பரில் புதிய சட்டகத்தோடு அடுத்த தலைமுறை வந்தது. இன்ஜின் அதே 120 குதிரைத்திறன் எம்ஹாக். நீங்கள் பார்த்திருக்கும் 2015 வண்டி இதில் வரும்; எம்ஹாக்கா, 75 குதிரை இன்ஜினா என்பதை மட்டும் ஆர்.சி.யில் உறுதி செய்யுங்கள். தில்லியில் 2000 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் வண்டிகளைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை போட்டதால், 2016-இல் 2000 சி.சி.க்குச் சற்றுக் கீழே ஒரு இன்ஜினும் செய்தார்கள். அந்தத் தடை அதே ஆண்டு ஆகஸ்டில் நீங்கியது. அந்த வண்டி கண்ணில் பட்டால், பாகங்கள் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

2017 நவம்பரில் எம்ஹாக் 140 குதிரைத்திறனாக உயர்ந்தது. முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், 320 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.-6 விதி வந்தது. 2022 ஜூனில் ஸ்கார்பியோ-என் என்ற புத்தம் புதிய வண்டி வந்தது. இதன் வடிவமைப்புப் பொறியியலில் பெரும்பகுதி நம் செங்கல்பட்டுப் பக்கம், மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. இதில் டீசல் இன்ஜின் 132, 175 குதிரைத்திறன் என இரண்டு விதம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் 200 குதிரைத்திறன். அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய வடிவத்தை 'கிளாசிக்' என்ற பெயரில், எடை குறைத்த 132 குதிரைத்திறன் டீசல் இன்ஜினோடு விட்டார்கள்.

எனவே உங்கள் மகனுக்குப் பதில்: அவர் பார்த்திருக்கும் இரண்டில், எம்ஹாக்காக இருந்தால் 2015 வண்டிதான் மேல். 2010-இல் பதிவான வண்டிக்கு 2025-இல் 15 ஆண்டு நிறைவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான். இரண்டு லட்சம் குறைவு என்று அதை வாங்கினால், அந்த இரண்டு லட்சம் பட்டறைக்குத்தான் போகும்.

இப்போது நீங்கள் கேட்காத கணக்கு

வேலூர் 52 முறை, 4,680 கிலோமீட்டர். காஞ்சிபுரம் 24 முறை, 3,120 கிலோமீட்டர். உள்ளூர் ஓட்டம் 1,200 என்று வைத்தால் ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர். பழைய ஸ்கார்பியோ லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைப்போம். 750 லிட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் 69,000. இன்சூரன்சில் 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 7,897 ரூபாய். நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து 15,000 ஆகும். ஆயில், ஃபில்டர் சர்வீஸ் 15,000. டயர், பேட்டரி, பிரேக்குக்கு ஒதுக்கீடு 15,000. பழைய வண்டி என்பதால் எதிர்பாராத ரிப்பேருக்கு 30,000. மொத்தம் ஆண்டுக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். மாதம் 12,000. கிலோமீட்டருக்கு 16 ரூபாய். வண்டி விலையும் வட்டியும் இதில் சேரவில்லை.

வாடகைக் காரில் கிலோமீட்டர் 15 ரூபாய், டிரைவர் படி 300 என்று வைத்தால், வேலூர் பயணத்துக்கு ஆண்டுக்கு 85,800 ரூபாய். சேலைப் பெட்டியைப் பஸ்ஸில் கொண்டு போனால் செலவு அதோடு முடிந்தது. உங்கள் ஊர் வாடகை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது வழி, பெட்ரோலில் ஓடும் ஒரு சின்ன கார். லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்றால், அதே 9,000 கிலோமீட்டருக்கு எரிபொருள் 50,500. மற்ற செலவெல்லாம் சேர்த்தாலும் 90,000-ஐத் தாண்டாது. அம்மா ஏறி இறங்கவும் உயரம் குறைந்த வண்டிதான் வசதி. சிகிச்சை முடிந்து சோர்ந்து வருகிறவரை ஸ்கார்பியோ படியில் தூக்கி ஏற்றுவது எளிதல்ல.

'நடு ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் வாடகைக் காருக்கு எங்கே போவது?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 108 ஆம்புலன்ஸ் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். சொந்த வண்டி வாசலில் நிற்பதன் தைரியத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தைரியத்தைச் சின்ன வண்டியும் தரும்.

கிணற்றடி 25 சென்ட்

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். விற்கப்போகும் 25 சென்ட் கிணற்றுக்குப் பக்கத்திலா, கிணறும் அதற்குள்ளா? இலவச மின் இணைப்பு எந்த சர்வே எண்ணில் இருக்கிறது? மீதி நிலத்துக்குத் தண்ணீர் போகும் குழாய் அந்த 25 சென்ட் வழியாகவா போகிறது? இதையெல்லாம் பார்க்காமல் பத்திரம் எழுதினால், மீதமிருக்கும் ஒன்றே முக்கால் ஏக்கர் வானம் பார்த்த பூமி ஆகிவிடும். புதிதாக இலவச விவசாய மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நிலத்தை விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை என்றாலும், கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்கும் மூலையை விற்கலாம். வாய்க்கால், குழாய்ப் பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கார் ஒவ்வொரு வருஷமும் விலை இறங்கும் பொருள். கிணற்று நிலம் அப்படியல்ல.

கூட்டுறவு சங்கத்தில் விவசாய நகைக்கடனுக்கு வட்டி குறைவு என்பதால் அதில் கார் வாங்குவது தவறு. அது பயிருக்கு உள்ள சலுகை. அந்த வரம்பைக் காருக்குத் தீர்த்துவிட்டால், நடவு நேரத்தில் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் வெளிவட்டிக்குத்தான் போக வேண்டும்.

வாடகைக்கு ஓட்டுவது பற்றி: வெள்ளை நம்பர் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்டினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும். அந்தத் தொழில்தான் செய்யப்போகிறார் என்றால் மஞ்சள் பலகை, பர்மிட், அதற்குரிய இன்சூரன்ஸ் என்று முறையாகச் செய்யட்டும். அது தனிக் கணக்கு.

அப்படியும் வாங்குவதென்றால்

எனக்கும் ஒரு பாடம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பழைய டீசல் வண்டி வாங்கினேன். எந்த வண்டி, யாரிடம் என்பது வேண்டாம். இன்ஜின் கழுவிப் பளபளவென்று இருந்தது. மீட்டர் 68 ஆயிரம் காட்டியது. மூன்றே மாதத்தில் இன்ஜெக்டரும் டர்போவும் போயின. மனைவியின் வளையல் வங்கிக்குப் போனது. பிறகுதான் கவனித்தேன், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. 68 ஆயிரம் கிலோமீட்டரில் அது அப்படித் தேயாது. பயிரில் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் நான், வண்டியில் மேல் பூச்சைப் பார்த்து ஏமாந்தேன். நீங்கள் இதையெல்லாம் பாருங்கள்:

1. விடிகாலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். 'முன்னாடியே கிளப்பி வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூடான இன்ஜின் குறையை மறைக்கும்.

2. புகையைப் பாருங்கள், டிராக்டருக்குப் பார்ப்பதுபோலத்தான். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து கரும்புகை என்றால் இன்ஜெக்டர், டர்போ அல்லது காற்று ஃபில்டரில் கோளாறு. சூடான பிறகும் வெள்ளைப் புகை என்றால் விலகிவிடுங்கள்.

3. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், குபுகுபுவென்று புகை தள்ளக்கூடாது. கூலன்ட் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கக்கூடாது.

4. தரை விரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவும் சேறும் இருக்கிறதா என்று பாருங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல கை மாறி வெளியூர்களுக்கு வந்திருக்கின்றன.

5. தில்லி நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும். அங்கே பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் இங்கே தள்ளிவிடுகிறார்கள். என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டுச் சாலை வரி மறுபடி கட்டிய பிறகு அது மலிவாக இருக்காது.

6. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் நிலுவை இருந்து ஹெச்.பி. ரத்தாகாமல் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். கட்டாத அபராதங்களையும் பாருங்கள்.

7. 1,000 ரூபாய் போனாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்த டீசல் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள்.

வாங்கிய பிறகு இரண்டே பழக்கம் போதும். கொட்டகையில் டிரம்மில் வைத்திருக்கும் பம்ப்செட் டீசலை இந்த வண்டிக்கு ஊற்றாதீர்கள். நெடுந்தூரம் ஓட்டி வந்ததும் உடனே சாவியைத் திருகாமல், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள், டர்போ ஆறும். ஆரணி, களம்பூர் பக்கம் அரிசி ஆலை உமிச் சாம்பல் காற்றில் இருக்கும் இடங்களில், காற்று ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே கழற்றிப் பாருங்கள்.

மகனிடம் என் சார்பாக ஒன்று சொல்லுங்கள். ஸ்கார்பியோ நல்ல வண்டி. அவர் ஆசைப்படுவதில் தப்பில்லை. அதைக் கிணற்றை விற்று வாங்க வேண்டாம். கிணறு கொடுக்கும் வருமானத்தில் ஒருநாள் வாங்கட்டும்.

கேள்வி: "புது பி.எஸ்.-6 டீசல் வண்டி வைத்திருக்கிறேன். தினமும் வீட்டிலிருந்து கழனிக்கு 3 கிலோமீட்டர். அடிக்கடி எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஏன்?" - போளூர் வாசகர்

பதில்: பி.எஸ்.-6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். மூன்று கிலோமீட்டரில் சூடேறாது. பத்து நாளுக்கு ஒருமுறை வேலூர் சாலையில் 20 நிமிஷம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அப்படியும் விளக்கு அணையாவிட்டால் சர்வீஸுக்குக் கொடுங்கள். டி.பி.எஃப்.ஐக் கழற்றி எறியச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். புகைச் சான்றிதழில் மாட்டும். கழனிக்குப் போக மட்டும் என்றால் டூவீலரே போதும்.

கேள்வி: "சில டீசல் வண்டிக்கு யூரியா தண்ணீர் ஊற்றுகிறார்களே, நம்மிடம் இருக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?" - செய்யாறு வாசகர்

பதில்: கூடவே கூடாது. அது 32.5 சதவீதம் தூய யூரியாவை, தாது நீக்கிய நீரில் கரைத்தது. நாம் வயலுக்குப் போடும் யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சேர்ந்து புகை சுத்திகரிக்கும் கருவியைக் கெடுத்துவிடும். அந்தக் கருவி விலை பல பத்தாயிரம். தவிர, 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அரசு மானியத்தால். அதைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். யூரியா வயலுக்கு, அதுவும் அளவோடு.

அடுத்த இதழில் வழக்கம்போல் பயிருக்குத் திரும்புவோம். நெல்லில் விதை நேர்த்தி பற்றி வந்திருக்கும் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதுகிறவர்கள் மண் பரிசோதனை அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.